இயற்பியலில் முதுகலை: சேர்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

இயற்பியலில் இளங்கலைப் பட்டம் வாங்கிய பிள்ளை, "இன்னும் மேலே படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். "அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?"

மருத்துவம், சட்டம், பொறியியல் என்றால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. பள்ளி ஆசிரியர் வேலையைத் தவிர இயற்பியலுக்கு வேறு முகம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மூத்த பிள்ளையின் சம்பளத்தை நம்பித் தம்பி, தங்கையின் படிப்புச் செலவு காத்திருக்கும் குடும்பத்தில் அந்தக் கேள்வியைத் தவறென்று சொல்லவும் முடியாது.

அதற்கு ஒரே பதில் இல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. நம் நாட்டில் 'முதுகலை' என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வெவ்வேறு படிப்புகள் இருக்கின்றன. செலவு, காலம், முடித்த பின் திறக்கும் கதவு எல்லாம் ஒன்றுக்கொன்று மாறுபடும். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பதற்கு முன் எந்த வகை என்று கேட்பதே சரி. பலர் இதைத் தலைகீழாகச் செய்து ஓராண்டை வீணாக்கிவிடுகிறார்கள்.

மூன்று வகை

முதல் வகை, பாடநெறி முறை. இளங்கலையைப் போலவே வகுப்பு, தேர்வு, கடைசியில் ஒரு சிறு ஆய்வுத் திட்டம். இரண்டாவது, வகுப்பும் ஆய்வேடும் சேர்ந்த கலப்பு முறை. இந்த இரண்டுக்கும் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் குறைந்தது 40 கிரெடிட் என்று வரையறுத்துள்ளது. ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு என்பது அதன் கணக்கு. ஆக, 1,600 மணி நேரப் படிப்பு. முழுநேரமாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஓராண்டிலிருந்து இரண்டாண்டுக்குள் முடித்துவிடுவார்கள்.

மூன்றாவது, முழு ஆய்வு முறை. இதற்குக் கிரெடிட் கணக்கே கிடையாது. ஆய்வு முறையியல் போன்ற ஓரிரு கட்டாய வகுப்புகள் இருக்கலாம். மற்றபடி மாணவர், மேற்பார்வையாளர், ஆய்வுக்கூடம், இறுதியில் ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும். ஓராண்டில் முடிக்கலாம் என்று விதி சொல்லும். நடைமுறையில் இரண்டாண்டு ஆவது சாதாரணம். மூன்றாவது ஆண்டுக்கு இழுப்பதும் உண்டு.

இயற்பியலில் அதிகம் கிடைப்பது இந்த மூன்றாவது வகைதான். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் மட்டும் மருத்துவ இயற்பியல், திடநிலை இயற்பியல் எனத் தனிப்பெயரோடு பாடமும் ஆய்வும் கலந்த படிப்புகள் உள்ளன.

நுழைவுத் தகுதியைப் பொறுத்தவரை, ஆய்வு முறைக்கு சி.ஜி.பி.ஏ. 2.75 இருக்க வேண்டும் என்பது பரவலான அளவுகோல். சில பல்கலைக்கழகங்கள் 3.00 கேட்கும். அதற்குக் கொஞ்சம் குறைந்தவர்களுக்கும் கதவு அடியோடு அடைபடுவதில்லை. வேலை அனுபவத்தையோ கூடுதல் மதிப்பீட்டையோ வைத்துச் சேர்க்கிறார்கள். முதல் நிலைத் தேர்ச்சி பெற்றவர்களுக்கு முதுகலையைத் தாண்டி நேரே முனைவர் பட்டத்தில் சேரும் வாய்ப்பும் சில இடங்களில் உண்டு. முதுகலையில் சேர்ந்து, ஆய்வு நன்றாகப் போனால் இடையிலேயே முனைவர் பட்டப் படிப்பாக மாற்றிக்கொள்ளவும் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்றையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடித்தபோது விண்ணப்பித்தது போல இதற்கு யூ.பி.யூ. வழி விண்ணப்பம் கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் முதுகலை மையத்துக்கும் தனித்தனியே நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். "யூ.பி.யூ. திறக்கட்டும்" என்று காத்திருந்து தவணையைத் தவறவிடுவதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

மேற்பார்வையாளரே பாதிப் படிப்பு

ஆய்வு முறையில் சேர்பவருக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளர் முக்கியம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஓர் உதாரணம். மாணவர் ஒருவர் மெல்லிய படலப் பொருள்களில் ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சில மாதங்கள் வாசிப்பிலும் ஆய்வு முன்மொழிவிலும் போகும். பிறகு மாதிரிகளைத் தயாரிக்க வேண்டும். தயாரித்ததை எக்ஸ்ரே விளிம்பு விலகல் கருவியிலும் மின்னணு நுண்ணோக்கியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கருவிகள் பல துறைகளுக்குப் பொதுவானவை. வரிசை நீளம். ஒரு மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணமும் இருக்கும். கருவி பழுதானால் உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் கட்டணத்தையெல்லாம் யார் கட்டுவது? மேற்பார்வையாளரிடம் ஆய்வு மானியம் இருந்தால் அது கட்டும். இல்லாவிட்டால் மாணவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத் திட்டமான எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்றவற்றிலிருந்து விரிவுரையாளர்கள் நிதி பெறுகிறார்கள். அந்த நிதியிலிருந்தே முதுகலை மாணவரை ஆய்வு உதவியாளராக நியமித்து மாதந்தோறும் படித்தொகை கொடுக்க முடியும். பெரிய சம்பளம் இல்லை என்றாலும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழி பிறக்கும். வீட்டிலிருந்து பணம் எதிர்பார்க்க முடியாத பிள்ளைகளுக்கு, 'படிக்கலாமா வேண்டாமா' என்பதை முடிவு செய்வதே பல நேரங்களில் இந்தத் தொகைதான்.

கருவியை நம்பாத ஆய்வுகளும் உண்டு. கணினியில் அணுக்களின் அமைப்பைக் கணக்கிடும் குவாண்டம் எஸ்பிரெஸோ, துகள்கள் பொருளுக்குள் எப்படிப் பயணிக்கின்றன என்று காட்டும் ஜியன்ட்4 ஆகிய இரு மென்பொருள்களும் இலவசம். கணிப்பியல், கோட்பாட்டுத் துறைகளில் செலவு குறைவு. ஆனால் கணிதம் பலமாக இருக்க வேண்டும்.

எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறை வலுவாக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒளியிழை லேசர் ஆய்வுகளும் துகள் இயற்பியலும் பேர் பெற்றவை. அங்குள்ள தேசியத் துகள் இயற்பியல் மையம் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் சி.எம்.எஸ். பரிசோதனையில் பங்கேற்கிறது. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் எல்.இ.டி. போன்ற ஒளிமின்னணுச் சாதனங்களுக்கென்றே தனி ஆய்வுக் கழகம் உள்ளது. பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் அணு அறிவியலும் சூரிய சக்தியும். ஆசிரியப் பணியில் இருப்பவர்களுக்கு, இயற்பியல் கற்பித்தலை ஆராயத் தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்.

மருத்துவமனைக்குள் ஓர் இயற்பியலாளர்

"என்ன வேலை?" என்ற கேள்விக்கு ஆகத் தெளிவான பதில் தரும் பிரிவு மருத்துவ இயற்பியல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மிடையே இந்தத் தொழிலின் பெயரே பலர் காதில் விழுந்ததில்லை.

புற்றுநோயாளிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் லினாக் இயந்திரத்தை எண்ணிப் பாருங்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் என்று புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்கிறார். அந்த அளவு உண்மையிலேயே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா, பக்கத்திலுள்ள தண்டுவடத்துக்கும் நுரையீரலுக்கும் போகாமல் இருக்கிறதா என்பதைக் கணக்கிட்டு உறுதி செய்பவர் மருத்துவ இயற்பியலாளர். கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள். ஒரு தடவைக்கு 2 கிரே என்பது நெடுநாளைய வழக்கம். நோயாளிகள் வருவதற்கு முன்பே காலையில் இயந்திரத்தைச் சோதிப்பது, நீர்த்தொட்டிக்குள் அளவுமானியை இறக்கிக் கதிரை அளப்பது, கணினியில் சிகிச்சைத் திட்டம் வரைவது எல்லாம் அன்றாட வேலை. சி.டி. ஸ்கேன், எக்ஸ்ரே கருவிகளின் தரச் சோதனையும், அங்கு வேலை செய்யும் தாதியர், தொழில்நுட்பர்களின் கதிர்வீச்சுப் பாதுகாப்பும் இவர்கள் பொறுப்பில் வருகின்றன.

கணக்குத் தவறினால் பாதிக்கப்படுவது ஓர் உயிர். அதனால்தான் இந்தத் தொழிலுக்குச் சட்டக் கட்டுப்பாடும் வந்தது. 2016-ஆம் ஆண்டு துணை மருத்துவத் தொழில் சட்டத்தின், அதாவது சட்டம் 774-இன், பட்டியலில் மருத்துவ இயற்பியலாளரும் இடம்பெற்றுள்ளார். தொழில் செய்யப் பதிவு தேவை. ஆகவே சேருமுன்பே, அந்தப் படிப்பு இந்தப் பதிவுக்கு ஏற்கப்படுகிறதா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

இத்துறையில் நம் நாட்டுக்கு அனைத்துலகப் பெயரும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் முதுகலைப் படிப்பு பிரிட்டனின் ஐ.பி.இ.எம். அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. அப்பல்கலைக்கழகப் பேராசிரியர் இங் குவான் ஹூங்குக்கு 2018-இல் அனைத்துலக மருத்துவ இயற்பியல் அமைப்பின் மேரி கியூரி விருது வழங்கப்பட்டது.

முதுகலைச் சான்றிதழ் கைக்கு வந்ததும் தனியாகச் சிகிச்சைத் திட்டம் போட்டுவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டத்துக்குப் பின் குறைந்தது ஈராண்டு மருத்துவமனைப் பயிற்சி வேண்டும் என்று அனைத்துலக அணுசக்தி நிறுவனமான ஐ.ஏ.இ.ஏ. பரிந்துரைக்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளும் நாட்டில் மூலைக்கு மூலை இல்லை. கோலாலம்பூர் பொது மருத்துவமனை, புத்ராஜெயாவின் தேசியப் புற்றுநோய்க் கழகம், ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை, பெருநகரத் தனியார் மருத்துவமனைகள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆண்டுதோறும் திறக்கும் இடங்கள் குறைவு. வீட்டை விட்டுத் தூரம் போகத் தயாராக இருப்பவருக்கே வாய்ப்பு அதிகம்.

சில்லும் அணுவும்

பினாங்கு, கெடா வாசகர்களுக்குச் சில்லுத் தொழிற்சாலைகள் புதிதல்ல. 1972-இல் இன்டெல் பாயான் லெப்பாஸில் கால் வைத்ததிலிருந்து நம் குடும்பங்களிலிருந்து எத்தனையோ அக்காமார்கள் 'ஷிஃப்ட்' பஸ் ஏறியிருக்கிறார்கள். இப்போது அங்கு ஆய்வு, வடிவமைப்பு வேலைகளும் வளர்கின்றன. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் நிறுவனம் கூலிமில் சிலிக்கன் கார்பைடு சில்லு ஆலையின் முதற்கட்டத்தைத் திறந்தது. அதே ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 திறன்மிக்க பொறியியலாளர்களை உருவாக்குவதை இலக்காக வைத்துள்ளது. திடநிலை இயற்பியல் படித்தவருக்கு இந்தச் சூழலில் இடம் உண்டு.

ஆனால் இரண்டு விஷயங்களை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உற்பத்திப் பிரிவு வேலைதான் இலக்கு என்றால் இளங்கலையே போதும். முதுகலைக்காக இரண்டாண்டு காத்திருப்பது அவசியமில்லை. பழுது ஆராய்ச்சி, புதிய பொருள், வடிவமைப்பு போன்ற பிரிவுகளில்தான் முதுகலைக்கு மதிப்பு கூடும். அடுத்து, தொழிற்சாலையில் 'இன்ஜினியர்' என்று பதவிப் பெயர் கொடுத்தாலும், இயற்பியல் பட்டத்தை வைத்துப் பொறியியலாளர் வாரியத்தில் நிபுணத்துவப் பொறியியலாளராகப் பதிய முடியாது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பொறியியல் பட்டமே தேவை.

அணு அறிவியல் பக்கம் பார்த்தால், நாட்டின் ஒரே ஆய்வு அணுஉலையான ட்ரிகா புஸ்பாத்தி பாங்கியில் இருக்கிறது. 1 மெகாவாட் திறன் கொண்ட அது 1982 ஜூன் 28-ஆம் தேதி முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. மருத்துவப் பொருள்களைக் காமாக் கதிரால் கிருமி நீக்குவது முதல், தோட்டத்து ரப்பர் பாலைக் கந்தகம் இல்லாமல் கதிர்வீச்சால் பதப்படுத்துவது வரை மலேசிய அணுசக்தி நிறுவனத்தில் ஆய்வுகள் நடந்துள்ளன. பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தச் செய்தி சற்று நெருக்கமாகவே இருக்கும். கதிர்வீச்சுக் கருவி வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டப்படி கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி தேவை என்பதால், அதிலும் இயற்பியல் படித்தவர்களுக்கு வேலை உண்டு.

பல்கலைக்கழக விரிவுரையாளர் கனவு இருந்தால் முதுகலையோடு நிறுத்த முடியாது. இன்று அதற்கு முனைவர் பட்டமே எதிர்பார்க்கப்படுகிறது.

பணம்

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு மாணவருக்கு ஆய்வு முறைக் கட்டணம் எட்டாத உயரத்தில் இல்லை. பாடநெறி முறைக் கட்டணம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். கட்டணத்தைவிட, சம்பளம் இல்லாத அந்த இரண்டாண்டே குடும்பத்துக்குப் பெரிய செலவு.

ஆய்வு உதவியாளர் படித்தொகை மேலே சொல்லப்பட்டது. உயர்கல்வி அமைச்சின் மைபிரைன் உபகாரச் சம்பளத்தில் தூய அறிவியல் துறைகளுக்கென மைபிரைன்எஸ்சி என்ற பிரிவு இருந்தது. அத்திட்டம் மைபிரைன் 2.0 என்று மீண்டும் வந்துள்ளது. விண்ணப்பம் திறக்கும் காலமும் நிபந்தனைகளும் மாறக்கூடியவை என்பதால் அமைச்சின் அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பெற்றோரின் இ.பி.எஃப். சேமிப்பும் ஒரு வழி. 2024 மே மாதத்துக்குப் பின் செஜாத்ரா கணக்கு என்று அழைக்கப்படும் பகுதியிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக் கட்டணத்துக்குப் பணம் எடுக்கலாம். முதுகலைக்கும் இது பொருந்தும். மாணவரே வேலை செய்து சேர்த்த சேமிப்பிலிருந்தும் எடுக்கலாம். ஆனாலும் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த ஓய்வுக்காலப் பணத்தில் கை வைப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே மேல்.

இளங்கலைக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். கடன் இருந்தால், மேற்படிப்பு படிக்கும் காலத்துக்குத் தவணையை ஒத்திவைக்கக் கோரலாம். இது தானாக நடக்காது. சேர்க்கைக் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும்.

வேலையோடு படிப்பவர்கள்

வேலையை விட முடியாதவர்களுக்குப் பகுதிநேரப் படிப்பு உண்டு. இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் பலர் இப்படித்தான் முடிக்கிறார்கள். காலம் இரட்டிப்பாகும், பரிசோதனை ஆய்வு என்றால் விடுமுறை நாள்களெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கழியும்.

சர் சி.வி. ராமனின் கதை இங்கே பொருத்தமாக இருக்கும். அவர் 1907-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலில் எம்.ஏ. முடித்தார். அன்று இந்தியாவில் அந்தப் பட்டத்துக்கு ஏற்ற ஆய்வு வேலை கிடைப்பது அரிது. அரசாங்க நிதித்துறையில் கணக்கு அதிகாரியாகக் கல்கத்தா போனார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கிருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் பத்தாண்டு உழைத்தார். 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி கொடுத்தபோது, சம்பளம் குறைவு என்று தெரிந்தும் நிதித்துறையை விட்டு வந்தார். நோபல் பரிசு 1930-இல் வந்தது. "என்ன வேலை கிடைக்கும்?" என்ற கேள்வி அந்த வீட்டிலும் எழுந்திருக்கத்தான் வேண்டும்.

கடல் கடந்து

வெளிநாடு என்றதும் லட்சக்கணக்கில் செலவு என்று பயப்படத் தேவையில்லை. நாட்டுக்கு நாடு முறை வேறு. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் நல்ல இளங்கலைத் தேர்ச்சி உள்ளவர் முதுகலை இல்லாமலே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் கட்டணமும் உதவித்தொகையும் சேர்ந்தே வரும். அங்கே தனியாக முதுகலைக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். ஜெர்மனியில் முறை வேறு. முனைவர் படிப்புக்கு முன் முதுகலை தேவை. ஆனால் பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஆங்கிலத்திலேயே இயற்பியல் முதுகலை படிக்கலாம். விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுப் பணம் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. நம்மவர்களுக்கு இடிப்பது அந்த இடம்தான்.

இத்தாலியின் ட்ரியஸ்தே நகரில் அப்துஸ் சலாம் 1964-இல் நிறுவிய அனைத்துலகக் கோட்பாட்டு இயற்பியல் மையம், வளரும் நாட்டு மாணவர்களுக்காகவே ஓராண்டு டிப்ளோமாவும், மருத்துவ இயற்பியலில் ஈராண்டு முதுகலையும் நடத்துகிறது. பெண்களுக்கு இன்னொரு வாய்ப்பு: அணு அறிவியல் சார்ந்த முதுகலை படிப்பவர்களுக்கு ஐ.ஏ.இ.ஏ. 2020-இல் தொடங்கிய மேரி கியூரி உபகாரச் சம்பளம். கட்டணத்துக்கு ஆண்டுக்கு 10,000 யூரோ வரையும் வாழ்க்கைச் செலவுக்கு 10,000 யூரோ வரையும் கிடைக்கும். மருத்துவ இயற்பியலும் இதில் அடங்கும்.

விண்ணப்பத்துக்கு முன் ஆறு மாதம்

இளங்கலையின் இறுதி ஆண்டிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது. குவாண்டம் இயங்கியல், மின்காந்தவியல், புள்ளியியல் இயங்கியல் ஆகிய மூன்றையும் மறுபடி படிக்க வேண்டும். இந்திய ஐ.ஐ.டி.களின் என்பிடெல் தளத்தில் இவையெல்லாம் இலவசம்; சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. பாலகிருஷ்ணனின் விரிவுரைகள் பல நாட்டு மாணவர்கள் தேடிக் கேட்பவை. பைத்தான் நிரல் எழுதத் தெரிந்திருந்தால் எந்தப் பிரிவிலும் கை கொடுக்கும்.

அடுத்து, மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல். பத்துப் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒருவரும் பதில் போட மாட்டார்கள். அவர் அண்மையில் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையையாவது படித்து, அதில் எது தம்மை ஈர்த்தது என்று இரண்டு வரி எழுத வேண்டும். இறுதி ஆண்டில் செய்த ஆய்வுத் திட்டம், சி.ஜி.பி.ஏ., எப்போது சேர முடியும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிப் பட்டியலை இணைத்தால் போதும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம்.

பதில் வந்த பிறகு கேட்க வேண்டியதைக் கேட்கத் தயங்கக் கூடாது. மானியம் இருக்கிறதா, அது எப்போது முடிகிறது, படித்தொகை எத்தனை மாதத்துக்கு, மாதிரிச் சோதனைக் கட்டணம் யாருடையது, இதற்கு முன் இருந்த மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள். பெரியவர்களிடம் பணம் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் வாய் மூடி இருந்துவிடுகிறார்கள். விரிவுரையாளர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. முடிந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை நேரில் போய், அந்த ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே படிக்கும் அண்ணன், அக்காமாரிடம் மேற்பார்வையாளர் இல்லாத நேரத்தில் பத்து நிமிடம் பேசிப் பார்க்கலாம்.